கண்காட்சிக்கு இனி ஆர் போறது என்று கேட்ட மைத்துனருக்கு

வட்டுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் கோபிசங்கர் அவர்கட்கு,

நகுலேஸ்வரப் பெருமான் கிருபையால் நானும் உங்கள் அக்கா பாலேஸ்வரியும் மகள் நிவேதனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஜேர்மனிக் குளிருக்குள் நீங்களும் தக்சாயினியும் பிள்ளைகளும் போர்த்துக்கொண்டாவது சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய சொக்லேட் பெட்டி கிடைத்தது. விருந்தினர் வந்தால் வேண்டும் என்று உங்கள் அக்கா அதை ஒளித்து வைத்தார். எங்கே ஒளித்தார் என்பது இப்போது அவருக்கும் தெரியாது. நிற்க.

போன மாதம் தொலைபேசியில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் எழுதவே இந்தக் கடிதம். நிவேதனா மூன்று வருடமாக அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு செய்த வீடியோ கேமை யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த பெரிய கேம் கண்காட்சியில் வைக்கப் போகிறோம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "இந்தக் காலத்திலை உந்தக் கண்காட்சியளுக்கு ஆர் அத்தான் போறது? பெரிய கம்பனியளே வீட்டிலை இருந்து வீடியோ போட்டு விடுறாங்கள். உலகத்திலையே பெரிய கேம் கண்காட்சி நடக்கிற மண்டபத்துக்குப் பக்கத்திலை நான் பதினெட்டு வருசமா இருக்கிறன். ஒருக்கால்தான் உள்ளுக்குப் போனனான், அதுவும் கக்கூசுக்கு" என்றீர்கள். ஸ்பீக்கரில் இதைக் கேட்ட உங்கள் மருமகள் கைதட்டி, "மாமா சொல்லுறது சரி, நான் போகேல்லை" என்றாள். அவளுடைய பெயரில் விண்ணப்பம் நிரப்பி, கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பி ஒரு கிழமை ஆகியிருந்தது என்பதை அப்போது நான் இருவருக்கும் சொல்லவில்லை. காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஆள் நேரில் வந்து நிற்காமல் ஒரு கோப்பும் மேசையை விட்டு நகர்ந்ததை நான் காணவில்லை. கேம் மட்டும் தானாக நகருமா?

அவள் செய்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது. பெயர் 'இடமிருக்கு'. வட்டுக்கோட்டையில் இருந்து யாழ்ப்பாணம் பட்டினத்துக்கு ஒரு மினிபஸ்ஸை ஓட்ட வேண்டும். வழியில் ஆட்களை ஏற்ற வேண்டும், மாட்டுக்கும் சைக்கிளுக்கும் விலத்த வேண்டும், பின்னால் வரும் அரசாங்க பஸ் முந்தினால் தோல்வி. உள்ளே மூச்சு விட இடமில்லாதபோதும் கொண்டக்டர், "பின்னுக்குப் போங்கோ, இடமிருக்கு!" என்று கத்திக்கொண்டிருப்பார். அந்தக் குரல் என்னுடையது. மூன்று நாள் சும்மா கத்த விட்டாள், தேத்தண்ணி மட்டும் தந்தாள்.

ஒரு வழியாக அவளைச் சம்மதிக்க வைத்து, கணினியையும் மேசையையும் முச்சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் நிலவரத்தை உள்ளபடி எழுதுகிறேன், நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது கடைசி மூலை, ஐஸ்கிறீம் வண்டிக்கும் கழிவறைக்கும் இடையில். நடு மண்டபத்தில் ஒரு பெரிய கம்பனி சுவர் அளவு திரை கட்டி, புகை விட்டு, மேளம் போல ஏதோ இடித்து, தங்கள் புதுக் கேமை அறிவிக்கப் போவதாகப் பத்தில் இருந்து கீழே எண்ணிக்கொண்டிருந்தது. நாலு வரை எண்ணும்போது கூட்டம் முழுவதும் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டால், அந்த அறிவிப்பு அரை மணித்தியாலத்துக்கு முன்னரே இணையத்தில் வந்துவிட்டதாம்! எண்ணி முடித்து வெடி வெடித்தபோது நானும் ஐஸ்கிறீம்காரரும் மட்டும் நிமிர்ந்து பார்த்தோம். அந்த நிமிடம் உங்களை நினைத்தேன். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

நிவேதனா மத்தியானம் சாப்பிடப் போன நேரம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து எங்கள் மேசையைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார். சிங்கப்பூர்க் கம்பனியில் இருந்து ஒரு ஆள் வரக்கூடும், அந்த ஆளுக்குப் பிடித்தால் கேமை உலகம் முழுக்க வெளியிடுவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் அவரை மகளின் கதிரையில் இருத்தி, வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, அவள் மூன்று வருடம் கீறிய படங்கள் முழுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "எப்பிடி சேர், உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டேன். "வடிவா இருக்கு ஐயா, ஆனா உங்கடை வயர்தான் கொஞ்சம் சூடாகுது" என்றார். தொழில் பேச்சாக்கும் என்று தலையாட்டினேன். இந்த நேரத்தில் தோளில் பையோடு ஒரு பிள்ளை வந்து, "இது ஆர் செய்தது, ஐயா?" என்று கேட்டது. காப்புறுதிக்கு ஆள் பிடிக்கும் பிள்ளை என்று நினைத்து, "மகள் சாப்பிடப் போட்டா, நீங்கள் பிறகு வாங்கோ பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு அட்டையைத் தந்துவிட்டுப் போனது. மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அட்டையை நாலாக மடித்துக் காலுக்குக் கீழே வைத்தேன், நன்றாக நின்றது.

கழுத்துப்பட்டிக்காரரின் பெயர் தனோஜன். மண்டபத்து மின்சாரம் பார்ப்பவர். அவர் வடையை முடித்த கையோடு பெரிய கம்பனியின் திரை மின்சாரத்தை இழுத்த இழுவையில் மண்டபம் முழுக்க லைற் போய்விட்டது, அவரும் எழும்பி ஓடினார்.

பின்னேரம் மேசையை நகர்த்தும்போது அட்டை நிவேதனாவின் கண்ணில் பட்டது. விரித்து வாசித்தாள். கஜானி, சிங்கப்பூர்க் கம்பனி. அட்டையில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. விசாரித்ததில், அந்தப் பிள்ளை வேறு இரண்டு பேரைப் பார்த்துவிட்டுக் கொழும்பு ரயில் ஏறிவிட்டது. உங்கள் மருமகள் கோபம் வந்தால் கத்துவாள், உங்களுக்குத் தெரியும். அன்று கத்தவில்லை. "பரவாயில்லை அப்பா" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வரும் வழி முழுக்க முச்சக்கர வண்டிக்குள் அந்த மடித்த அட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவள் வந்தது சாமான்களைக் கட்டத்தான். வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி மண்டபத்துக்குள் வந்தார். எங்கள் ஊர் மினிபஸ் சாரதி கந்தப்பு. நீங்கள் இருந்த காலத்தில் கொண்டக்டராக நின்றவர். வாசலில் ஒட்டியிருந்த எங்கள் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஆரைக் கேட்டு என்ரை பஸ்ஸைக் கீறினது?" என்றார். பச்சை நிறம், முன்கண்ணாடியில் வேல், இடப்பக்க நெளிவு, எல்லாம் அவருடைய பஸ்தான். நான் மெதுவாக ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் போனேன்.

நிவேதனா வயரைக் கீழே வைத்தாள். "ஓம் அண்ணை, உங்கடை பஸ்தான். அதிலைதான் நான் பத்து வருசம் பள்ளிக்கூடம் போனனான். ஒருக்கால் ஓடிப் பாருங்கோ."

"நான் பதினேழு வருசமா ஓடுறன். உதிலை என்ன ஓடுறது?" என்று சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்தவர், முதலாவது வளைவிலேயே மாட்டில் மோதினார். "உந்த இடத்திலை மாடு நிக்கிறேல்லை!" என்று சண்டை பிடித்தார். திரும்ப ஓடினார். திரும்ப மோதினார். மூன்றாம் தரம் கழுத்துத் துவாயைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

இதற்கிடையில் வெளியே அவருடைய உண்மையான பஸ் ஆட்களோடு நிற்கிறது. சாரதியைக் காணவில்லை என்று கொண்டக்டர் தேடி வந்தார், வந்தவர் போகவில்லை. அவரைத் தேடிப் பயணிகள் வந்தார்கள். கீரை மூட்டையோடு, மருந்துப் பையோடு, முப்பது பேர் வரை கந்தப்புவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணை மாடு! அண்ணை பிறேக்!" என்று கத்தினார்கள். திரையில் ஒரு தரிப்பிடத்தில் மஞ்சள் சேலை கட்டிய பொம்பிளை கைகாட்ட, கந்தப்பு நிற்பாட்டாமல் போனார். "பாத்தியளே, நேற்றும் இவர் என்னை இப்பிடித்தான் விட்டிட்டுப் போனவர்!" என்று சிவகௌரி என்ற மனுசி எல்லோருக்கும் முறையிட்டார். நடு மண்டபத்துக் கூட்டம் திரும்பிப் பார்த்து, பிறகு நடந்து வந்தது.

நிவேதனா திரையைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்று ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரல், "இடமிருக்கு!" என்று கத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "மூண்டு வருசத்திலை இப்பதான் அப்பா ஆக்கள் சிரிக்கிறதைப் பாக்கிறன்" என்றாள்.

கந்தப்பு கடைசியில் பட்டினம் வந்து சேர்ந்தார். கை தட்டினார்கள். ஆனால் அவர் எழும்பாமல் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, ஒண்டு கேக்கவே? பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தாமல் விட்டால் புள்ளி கூடுது. உது சரியில்லை."

"சீசன் ரிக்கற், காசு வராது எண்டு நீங்கள் ஏத்துறேல்லைத்தானே அண்ணை. எத்தினை நாள் நான் மழைக்கை நிண்டனான்."

கந்தப்பு துவாயை எடுத்துத் தோளில் போட்டார். "அது பிழைதான்" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா விளையாட்டிலையும் விட்டிட்டுப் போகவே வேணும்?" அன்று பின்னேரமே அவள் அதை மாற்றினாள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினால்தான் புள்ளி. நிஜப் பஸ்ஸும் கடந்த நாலு நாளாகப் பள்ளி வாசலில் நிற்கிறது என்று கேள்வி.

மூன்றாம் நாள் கஜானி தொலைபேசி எடுத்தது. பயணிகளில் யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைக் கொழும்பில் இருந்து பார்த்ததாம். "நான் நேரிலை வந்தனான் அக்கா, ஆரோ ஒரு ஐயா பிறகு வரச் சொன்னவர்" என்றதாம். அந்த ஐயா யார் என்று மகள் சொல்லவில்லை. அவளுடைய பெருந்தன்மை. அடுத்த கிழமை ஒப்பந்தம் பேசப் போகிறார்கள்.

அந்தப் பிள்ளை பார்த்தது கைத்தொலைபேசியில்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். மண்டபம் இல்லாமல் கந்தப்பு எங்கே வந்து சண்டை பிடிப்பார்? கீரை மூட்டை எங்கே வந்து நிற்கும்? ஆகவே பெரிய கண்காட்சிகள் இன்றைக்கும் அவசியம், என்றைக்கும் அவசியம். அடுத்த முறை உங்கள் பக்கத்து மண்டபத்துக்குள் கழிவறையையும் தாண்டி நாலடி உள்ளே போய்ப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் கிடைக்க நகுலேஸ்வரப் பெருமானை வேண்டி, பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,

அன்புள்ள அத்தான்
நமசிவாயம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் கண்காட்சிக்காரரின் அறிவித்தல் வந்தது. அடுத்த வருடம் மண்டபம் இல்லையாம், எல்லாம் இணையத்தில்தானாம். ஆகவே மேலே எழுதியவற்றை வாசித்துச் சிரிக்க வேண்டாம், நேரே இந்தப் பின்குறிப்புக்கு வரவும். அடுத்த வருடமும் போவோம் என்று நான் அந்த முப்பது பேருக்கும் ஐஸ்கிறீம்காரருக்கும் தனோஜனுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி மாற்ற முடியாது. எல்லோரும் எங்கள் வீட்டு முற்றத்துக்கே வருகிறார்கள், பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் லீவில் வரும்போது சுவர் அளவில் ஒரு திரை கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். உங்கள் அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.