சிம்மாசனத்தில் விழுந்த ஊர்

நாவல்நாடு என்றொரு தேசம். அதன் ராஜாவுக்கு நாட்டின்மேல் கொள்ளைப் பிரியம். நாட்டுக்குள் போகத்தான் பிடிக்காது. வெயில், புழுதி, போதாக்குறைக்கு ஜனங்கள். அதனால் நாட்டையே அரண்மனைச் சுவருக்குக் கொண்டுவரச் சொன்னார். வரைபட மந்திரி தாண்டவராயர் கொண்டுவந்தார். தொட்டால் பேசும் வரைபடம். ஊருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. விரலை வைத்தால், “இங்கே எல்லாரும் நலம்” என்று கிளிக்குரலில் சொல்லும். எந்த ஊரைத் தொட்டாலும் அதையேதான் சொல்லும். ராஜாவுக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

புள்ளி வைக்க இடம் தெரிய வேண்டுமே? அரண்மனை வாஸ்துப்படி நாட்டின் தென்மேற்கே, கன்னிமூலையில் இருந்தது. சிம்மாசனத்திலிருந்து கிழக்கே எத்தனை கல், வடக்கே எத்தனை கல் என்று ஒவ்வோர் ஊரும் இரண்டு எண் சொல்ல வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

கல்லூத்துக்கு அரண்மனைச் சேவகன் வந்தபோது ஒச்சம்மா நாற்றங்காலில் நின்றிருந்தாள். நாற்று பச்சைக்கிளியாய் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நடவு. வராவிட்டால் ஊருக்கு அந்த வருஷம் சோறு இல்லை.

“அரண்மனை எங்கிட்டு இருக்குன்னு எவன் கண்டான்? மொட்டைப் பனையிலருந்து ரெண்டு கூப்பாட்டுத் தூரம்னு போட்டுக்கப்பா” என்றாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் தூரத்தைத் தொண்டையால்தான் அளப்பார்கள். ஒருவன் கத்தி இன்னொருவன் திரும்பிப் பார்த்தால் அது ஒரு கூப்பாடு. கூப்பிட்டால் ஆள் வராத இடத்தை அவர்கள் ஊர் என்றே சொல்வதில்லை.

தாண்டவராயர் மூக்கைச் சுளித்தார். “எண்ணாக வராதது எதுவாயினும் பூஜ்யம்” என்று உத்தரவிட்டார். கல்லூத்துக்குக் கிழக்கே பூஜ்யம், வடக்கே பூஜ்யம். தொண்டையால் அளந்த மற்ற ஊர்களுக்கும் அதே கதி. அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாய் ராஜாவின் சிம்மாசனத்தில் போய் விழுந்தன.

“மந்திரியாரே, என் ஆசனத்தின்மேல் இவ்வளவு பெரிய புள்ளி எதற்கு?”

“மக்கள் தங்கள்மீது வைத்த அன்பு மன்னா. ஒரே இடத்தில் திரண்டு வீங்கிவிட்டது.”

ராஜா புள்ளியைத் தடவிக் கொடுத்தார். குளிர்ந்த மனத்தோடு முதல் சட்டம் போட்டார்: இனி அணைத் தண்ணீர் புள்ளி இருக்கும் இடத்துக்கே போகும். கல்லூத்தின் பங்கும் மற்ற ஊர்களின் பங்கும் அரண்மனைக்குள் பாய்ந்தன. நந்தவனம் முங்கியது. அந்தப்புரத்துக்குப் பரிசல் விட்டார்கள்.

ஒச்சம்மா நடந்தே போய் தாண்டவராயர் முன் நின்றாள்.

“அய்யா, எங்க வாய்க்கால்ல ஓணான் ஓடுது.”

மந்திரி புள்ளியைத் தொட்டார். “இங்கே எல்லாரும் நலம்” என்றது கிளிக்குரல்.

“கேட்டாயா? உங்கள் ஊர் நீரில் மிதக்கிறது. நீதான் ஊரில் இல்லை.”

“இந்தா, அந்த ஊர்லருந்துதான வாரேன்!”

“அங்கே ஊர் இருப்பதாக வரைபடத்தில் இல்லை, அம்மா.”

அதிகாரி ‘அம்மா’ என்றால் அடுத்து அடி விழும். விழுந்தது. இரண்டாம் சட்டம்: தன் புள்ளியை விட்டு வேறிடத்தில் குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர், உடனே புள்ளிக்குக் குடிபெயர வேண்டும், புள்ளி விழுந்த நிலம் அந்த ஊருக்கே சொந்தம். ராஜமுத்திரை குத்தியாயிற்று.

கல்லூத்தில் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். சட்டத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட ஒச்சம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அழுகைய நிறுத்துங்கடி! நாத்தப் பறிச்சுக் கட்டுங்க. ஏரப் பூட்டுங்க. தண்ணி எங்க நிக்குதோ அங்கன போயி நடுவோம். ராஜாவே போகச் சொல்லிட்டாருல்ல?”

மற்ற ஊர்களுக்கும் கூப்பாடு போயிற்று. மாடு, கோழி, அண்டா, கைப்பிள்ளை என்று கூட்டம் அரண்மனை வாசலுக்கு வந்தது. காவலர்கள் முத்திரையைப் பார்த்து வழிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் கூப்பாட்டு ஊர்க்காரர்கள் என்பது வேறு விஷயம்.

நந்தவனத்தில் ஏர் ஓடியது. பெண்கள் குலவை போட்டுக்கொண்டு கொலுமண்டபம் வரை நாற்று நட்டார்கள். சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஒரு கெடேரிக் கன்று முதுகைச் சொறிந்துகொண்டது. ராஜா முழங்கால் சேற்றில் நின்றார்.

“இது யார் இடம் தெரியுமா?”

“தெரியும் சாமி, எங்க ஊரு. உங்க புள்ளி எங்கன இருக்கு?”

ராஜா வரைபடத்தைப் பார்த்தார். குடிகளைத்தான் கேட்டார்களே தவிர, ராஜாவிடம் யாரும் எண் கேட்கவில்லை. அவருக்குப் புள்ளியே இல்லை.

“அப்ப நீங்கதான் ஆக்கிரமிப்பு” என்றாள் ஒச்சம்மா. “பயப்படாதீங்க, வெரட்ட மாட்டோம். இந்தாங்க ஒரு முடி நாத்து. குனிஞ்சு நடுங்க. வேர் மேல பாக்காம நடணும், ஆமா.”

அந்த வருஷம் கொலுமண்டபத்தில் கதிர் அறுத்தார்கள். பொங்கல் வைத்தார்கள். முதல் உருண்டை ராஜாவுக்குத்தான், உழைத்திருந்தாரே.

கைகழுவிய கையோடு ராஜா புது வரைபடத்துக்கு உத்தரவிட்டார். இந்தத் தடவை நாடு முழுக்க எவனும் எண் சொல்லவில்லை. எண் தெரிந்த ஊர்க்காரர்களும் மொட்டைப் பனையைத்தான் சொன்னார்கள்.

திரை விலகியது. சுவர் வெறுமையாக இருந்தது. சிம்மாசனத்தின்மேல் மட்டும் பூசணிக்காய் அளவில் ஒரே புள்ளி.

“மந்திரியாரே, என் நாடு எங்கே?”

தாண்டவராயர் முதன்முறையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மை சொன்னார்.

“நாடு தங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, மன்னா. தங்களைத்தான் இனி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.”