வாய்க்கால் நண்டு

“இதுக்கு உசுரு இருக்குதுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க” என்றான் தனபால்.

கோபி பஸ் ஸ்டாண்டில் பார்சல் ஏற்றி இறக்குகிறவன் தனபால். அவன் காலடியில் ஈரச்சாக்கு சுற்றிய ஓலைக்கூடை ஒன்று இருந்தது. உள்ளே எதுவோ பிராண்டிக்கொண்டிருந்தது. ஈரோட்டுக்குத் தேங்காய் மூட்டை போட வந்த கந்தப்பன் கூடையைப் பார்த்தார். அதில் தொங்கிய அட்டையில் அவர் பெயர்தான் இருந்தது. எழுத்தும் தெரிந்த எழுத்து. ‘க’வுக்கு இத்தனை நீளமாக வால் இழுப்பவள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான், அவர் மகள் கோகிலா.

“அம்மா வரலீங்களா?” என்று தனபால் தலையைச் சொறிந்தான்.

“அவ எதுக்கு வாரா? கட்டுத்தரையில வழுக்கி உழுந்து, கால் சுளுக்கிக் கெடக்கறா.”

தனபால் கூடையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். “சரி, உங்க பேருக்குத்தானுங்க வந்திருக்குது” என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கூடையை அவருடைய மொபெட்டில் தூக்கி வைத்தான்.

கோகிலாவைத் தலைமுழுகி நாலு வருஷம் ஆகிறது. பேச்சுக்குச் சொல்லும் தலைமுழுகல் அல்ல. அவள் கடற்கரைப் பையன் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு முத்துப்பேட்டைப் பக்கம் போன மறுநாள், சொந்தபந்தம் அத்தனையும் பார்க்கக் கிணற்றில் இறங்கி முங்கி எழுந்தவர் கந்தப்பன். அதோடு விட்டாரா? இனி அவள் பேரை இந்த வீட்டில் எடுப்பதில்லை என்று மனைவி மாசாணியம்மாளைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். அந்த மகராசி சத்தியத்தை ஒரு நாளும் மீறவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தம்தான் பெரிய சத்தம்.

முதல் வருஷம் அவருக்குக் கோபம் இருந்தது. பிறகு அது தீர்ந்துபோனது. தீர்ந்துபோனதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஊரைக் கூட்டி முங்கியவர் ஊரைக் கூட்டியா துவட்டிக்கொள்ள முடியும்?

மகளைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லக் கேட்டதுதான். அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீனும் நண்டும் வளர்க்கிறார்களாம். கோகிலா அந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மர வேர்களுக்கு நடுவே மூங்கில் கூண்டு வைத்து, சதைப்பிடிப்பு இல்லாத நண்டுகளைத் தீனி போட்டுத் தேற்றி விற்கிறாளாம். பல வீடுகளில் அதனால்தான் உலை கொதிக்கிறதாம். கடல்தண்ணீர் தானாக ஏறி வந்து தானாக இறங்கிப்போகிறதாம், மோட்டாரே கிடையாதாம். மோட்டார் இல்லாத வெள்ளாமையில் மகள் எப்படிப் பிழைப்பாள் என்று அன்று முதல் கந்தப்பனுக்குக் கவலை. வாய்விட்டுச் சொல்ல முடியாத கவலை.

இப்போது அவள் வளர்த்த நண்டு அவர் பெயருக்கு வந்திருக்கிறது. அப்பாவை அவள் மறக்கவில்லை. ஒன்றைக்கூடச் சாக விடக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். மாசாணிக்கும் தெரியக் கூடாது. சத்தியம் வாங்கியவரே கூடையைச் சுமந்துகொண்டு போய் நின்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

தோட்டத்து வீட்டில் மாசாணி காலில் புளிப்பத்துப் போட்டுக் கட்டிலில் கிடந்தாள்.

“ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுல ஆரையாச்சும் பாத்தீங்களா?”

“ஆரப் பாக்கறது? மூட்டையப் போட்டேன், வந்தேன்.”

“கோயிலுக்குப் போகோணும்னு இருந்தேனுங்க. மாசாமாசம் தவறாமப் போயிட்டிருந்தது. இந்தக் காலு இப்படிப் பண்ணிப்போடுச்சு.”

“அம்மன் எங்கீம் போயிராது. படு.”

கூடையை மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோனார். சந்தையில் வாங்கிய மாடு வாசலுக்கு வந்தால் முதல் வேலை, சந்தைக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டுவது. அதற்குப் பிறகுதான் அது வீட்டு மாடு. அந்தியூர்ச் சந்தைக்குப் போய்ப் போய்ப் பழகிய கை கந்தப்பனுடையது. கூடைக்குள்ளே நண்டுகள் கொடுக்கும் காலும் சேர்த்து நாரால் இறுகக் கட்டப்பட்டுக் கிடந்தன. ஐயோ பாவம், இத்தனை தூரம் கட்டுக்குள்ளேயே வந்திருக்கின்றன என்று மனம் இளகி ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். அவிழ்த்த முதல் நண்டே அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

கத்தினால் மாசாணிக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மீட்டார். நண்டுகளைக் கல்தொட்டியில் போட்டு போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அவை அடியில் போய்ப் படுத்தன. அசையவில்லை. உப்புத் தண்ணீரில் வளர்ந்தவை அல்லவா என்று அப்போதுதான் உறைத்தது. மாட்டுக்கு வைத்திருந்த கல்லுப்பில் ஒரு கை அள்ளிப் போட்டார். அசைவில்லை. இன்னொரு கை. கடலுக்கு எவ்வளவு உப்பு என்று அவருக்கு என்ன தெரியும்? அவர் கடலைப் பார்த்ததே ராமேசுவரத்தில் ஒரு தடவைதான். கடைசியில் சாக்கையே கவிழ்த்துவிட்டு விரலுக்கு மஞ்சள் வைக்கப் போனார்.

திரும்பி வருவதற்குள் கறவை எருமை வந்து தொட்டியில் வாயை வைத்துவிட்டது.

எருமை அலறிய அலறலில் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது. கட்டுத்தரை வேலைக்கு வரும் சின்னாத்தாள் சாணிக்கூடையை வீசிவிட்டு அதன் பின்னால் மஞ்சள் காட்டுக்குள் ஓடினாள்.

“ஏனுங்க, எருமை மூக்குல என்னமோ தொங்குதுங்க.”

இரண்டு பேருமாக எருமையை மடக்கி நண்டைப் பிரித்தெடுத்தபோது மஞ்சள் பயிரில் ஒரு பாத்தி சட்டினியாகியிருந்தது. உப்புத் தண்ணீர் குடித்த எருமைக்கு வயிறு போக ஆரம்பித்தது.

“இதென்ன நண்டுங்க?”

“வாய்க்கால் நண்டு. மடைல கெடந்துச்சு. புடிச்சுட்டு வந்தேன்.”

“வாய்க்கால் நண்டா? இத்தாச்சோடு பெருசாவா இருக்கும்?”

உள்ளேயிருந்து மாசாணியின் குரல் வந்தது. “இருக்கும் சின்னாத்தா. நம்ம வாய்க்கால்ல பெருசாத்தான் வளருது. போன மாசம் அவருக்குச் சளி புடிச்சப்ப ரசம் வெச்சமே, அது மட்டும் என்ன சிறுசா?”

சின்னாத்தாள் சட்டென்று சாணிக்கூடையைப் பொறுக்கப் போய்விட்டாள். கந்தப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. மாசாணி எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். இத்தனை வருஷமாக அப்படிப்பட்டவளோடு குடித்தனம் பண்ணியது பாக்கியம்தான்.

மிச்ச நண்டுகளைப் பொறுக்கினார். ஒன்று தவிட்டு மூட்டைக்குள் இருந்தது, ஒன்று மோட்டார் ரூமுக்குள் இருந்தது. எல்லாவற்றையும் குளியலறையில் இருந்த வெந்நீர் அண்டாவில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி, மேலே ஒரு கல்லும் வைத்தார். இனி எங்கேயும் போகாது என்று கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபோது மூக்கில் புகை ஏறியது. மாசாணியின் காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சின்னாத்தாள் அண்டாவுக்கு அடுப்பு மூட்டியிருந்தாள்.

ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் வீசினார். சாம்பல் எழும்பி அவர் மேலும், கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் மேலும் படிந்தது.

“அடுப்ப எதுக்குங்க அணைச்சீங்க?” என்றாள் மாசாணி, கட்டிலில் இருந்தபடியே.

“வெறகு வீணாப் போகுது.”

“ஆமாங்க. தோட்டத்துல வெறகுக்குப் பஞ்சம்.” அவள் காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, “வாய்க்கால் நண்ட அப்படித் தண்ணிக்குள்ள முக்கப்படாதுங்க. ஈரச்சாக்குல சுத்தி நெழல்ல வெச்சாலே நாளைக்கு வரைக்கும் தாங்கும்” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“கீரைக்கட்ட அப்படித்தானுங்க வெப்போம்.”

சொன்னது காலம் கடந்த யோசனை. அண்டாவைத் திறந்தால் பாதி நண்டுகள் கால் பரப்பிக் கிடந்தன. தொட்டிக்கு அடியில் ஒன்று எப்போதோ செத்துக் கிடந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கொடுக்கு ஒரு குழந்தையின் கை அளவு இருக்கும். எந்த வேருக்கு நடுவே, எத்தனை நாள் தீனி போட்டு அவள் அதைத் தேற்றினாளோ. அப்பாவுக்கு இருக்கட்டும் என்று பார்த்துப் பொறுக்கித்தான் வைத்திருப்பாள்.

அதைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். புதைத்தவர் பழக்கத்தில் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஒரு குடம் ஊற்றிக்கொண்டார். இரண்டாவது குடத்தைத் தூக்கியபோதுதான் இதே கிணற்றில் கடைசியாக யாருக்காக முங்கினோம் என்பது நினைவுக்கு வந்தது. செத்த நண்டுக்குத் தலைக்கு ஊற்றியாயிற்று. உயிரோடு இருக்கிற பெண்ணுக்கும் ஊற்றினாயே, படுபாவி. குடத்தை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். தலை ஈரமாக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“இனி இது தாங்காதுங்க” என்றாள் மாசாணி, அவர் உள்ளே வந்ததும். “ரசம் வெச்சிருலாம். நாம சாப்புடோணும்னுதான வளத்திருப்பாங்க.”

“வாய்க்கால் நண்ட ஆரு வளத்தாங்க?”

“வாய்க்கால்தானுங்க” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சின்னாத்தாள் மிளகும் சீரகமும் இடித்து ரசம் வைத்தாள். கந்தப்பன் இரண்டு டம்ளர் குடித்தார். கண்ணில் நீர் நிற்காமல் வந்தது.

“காரம் சாஸ்தி” என்றார்.

“போன மாசமும் இதே காரந்தானுங்க” என்றாள் மாசாணி. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரம் அவளுக்கும் சாஸ்தி போலிருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் கூடையைக் கழுவிக் காயவைத்தார். வெறுங்கூடையாகவா மகளுக்கு அனுப்புவது? அச்சு வெல்லம் வைத்தார், விரலி மஞ்சள் வைத்தார். அடுக்களை அலமாரியைத் துழாவியபோது ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இருந்தது. கோகிலாவுக்கு உயிர். பண்டிகை நோம்பி எதுவும் இல்லாத நாளில், கால் சுளுக்குவதற்கு முந்திய தினம் மாசாணி எதற்கு இத்தனை சுட்டு வைத்தாள் என்று ஒரு கணம் யோசித்தார். யோசிக்க நேரம் இல்லை. போசியோடு கூடைக்குள் வைத்துச் சாக்கால் மூடினார். சொந்த வீட்டில் திருடுவது இவ்வளவு சிரமம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

“எங்கீங்க கிளம்பீட்டீங்க?”

“தேங்காய் ஏவாரியப் பாத்துட்டு வாரேன்.”

“மெதுவாப் போயிட்டு வாங்க” என்றாள் மாசாணி. மொபெட்டில் கட்டியிருந்த கூடையை அவள் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தனபாலைத் தனியாகத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனார் கந்தப்பன். தொண்டையைச் செருமினார்.

“வந்த எடத்துக்கே இது திரும்பிப் போகோணும். பொண்ணு கையில சேரோணும்.”

“சேந்துருமுங்க.”

“அப்பறம் தனபாலு, இது எங்க ஊட்டுல தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

தனபால் கூடையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே தலையாட்டினான்.

“சரிங்க. மாசாமாசம் இந்தக் கூடையக் கொண்டாந்து குடுக்கறப்ப அம்மாவும் இதயேதானுங்க சொல்லுவாங்க.”