கூலரில் ஒரு குடித்தனம்

மோட்டார் எரிந்துவிட்டது என்று கதிரவன் சொன்ன பொய் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"எரிஞ்சிருச்சா? அப்ப நாளைக்கே மிஸ்திரியை வரச் சொல்றேன்" என்றாள் உஷாராணி. "மார்க்கெட் முக்குல ஒரு மெக்கானிக் பையா இருக்காராம். எதிர் வீட்டுல சொன்னாங்க. கூலருன்னா கண்ணை மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணுவாராம்."

கதிரவனுக்கு வேர்த்தது. ஏப்ரல் முடியப்போகும் டில்லியில் வேர்ப்பதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. ஆனால் இது வேறு வேர்வை.

"என்ன அவசரம் உஷா? ராத்திரி குளுகுளுன்னுதானே இருக்கு."

"எங்க? ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

உண்மையில் மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. பால்கனியில், படுக்கையறை ஜன்னலை ஒட்டி நின்ற அந்தக் கூலருக்குப் தண்ணீர் ஊறிக் காற்றைக் குளிர்விக்கும் புல்லை மாற்றுவதற்காகப் பக்கவாட்டுத் தட்டியைக் கழற்றி வைத்திருந்தார் கதிரவன். வைத்தவர் மறந்துவிட்டார். அந்த வழியாக உள்ளே நுழைந்த ஒரு புறா, மோட்டாரைத் தாங்கும் இரும்புப் பட்டையின் மேல் ஏழெட்டுச் சுள்ளிகளைப் போட்டு, அதைக் கூடு என்று நம்பி, இரண்டு முட்டையும் இட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டால் புறாவும் இல்லை, முட்டையும் இல்லை.

உஷாராணியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் புறாவுக்கும் ஏழாம் பொருத்தம். போன வருடம் பால்கனிக்கு வந்த புறாக்களை அவள் விளக்குமாறும் கையுமாக விரட்டியதை அந்த லோதி ரோடு குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தாள். முட்டை இருப்பது தெரிந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிடுவாள்.

கதிரவனுக்கோ அந்த முட்டைகள் தேவைப்பட்டன. காரணம், அவருடைய புது காமிரா.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசரான அவர், ஒரே மகள் பூனாவுக்கு ஹாஸ்டலில் சேரப் போனபிறகு, சாயங்காலங்களை என்ன செய்வது என்று தெரியாமல் கரோல் பாக் போய் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கிவந்தார். பிலிமே வேண்டாம், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னது அவரைக் கவர்ந்துவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பக்கத்துச் சமூகக் கூடத்தில் நடந்த இயற்கைப் புகைப்பட வகுப்பில் சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவள் மாதங்கி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். முப்பது வயதிருக்கும். பாதி இந்தி கலந்த தமிழ் பேசுவாள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

முதல் வாரம் கதிரவன் லோதி தோட்டத்தில் எடுத்துவந்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"அச்சா, கிளை ரொம்ப ஷார்ப்பா வந்திருக்கு சார். கிளி எங்கே?"

"நான் பட்டனை அமுக்கறப்ப இருந்துச்சு மேடம்."

"இது? இந்த ரோஸ் கலர் என்ன பூ?"

"அது என் கட்டை விரல் மேடம்."

வகுப்பே சிரித்தது. இருபது வருடமாக ஆபீசில் அவர் எழுதிய குறிப்பைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை. கதிரவன் காது சிவக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் மாதங்கி வீட்டுப்பாடம் கொடுத்தாள். "ஏதாவது ஒரே ஒரு விஷயம். செடியோ, பறவையோ. பதினஞ்சு நாள் தொடர்ந்து எடுங்க. கடைசி ஞாயிறு எல்லார் படமும் பெரிய திரையில காட்டுவோம். சந்தேகம் வந்தா இந்தத் தாள்ல என் நம்பர் இருக்கு, எப்ப வேணா போன் பண்ணுங்க."

மறுநாள் காலை கூலருக்குள் முட்டையைப் பார்த்ததும், பறந்து போகாத ஒரு பறவையைக் கடவுளே அனுப்பிவைத்ததாகக் கதிரவனுக்குப் பட்டது.

இப்போது மிஸ்திரி வரப்போகிறார். வந்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் நன்றாகச் சுற்றும். ஆகவே பொய்யை மெய்யாக்கிவிடுவது என்று முடிவு செய்து, விடியற்காலையில் உஷாராணி எழுவதற்குள் பால்கனிக்குப் போய், கூலருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவைத்தார். கூடவே ஒரு படமும் எடுத்தார். ஃப்ளாஷை அணைக்க மறந்துவிட்டார். பளீரென்று அடித்த வெளிச்சத்தில் புறா விருட்டென்று அவர் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. அது திரும்பி வந்து உட்காரும் வரை இருபது நிமிடம், ஒற்றைக் காலில் நிற்காத குறையாக நின்றார்.

ஆபீசில் அன்று வேலையே ஓடவில்லை. ஒயர் பிடுங்கிக் கிடப்பதை ஒரு மிஸ்திரி கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் திருட்டுப் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்.

"வந்தாரா?"

"வந்தாரு. மோட்டாருக்குப் புதுசா காயில் சுத்தணுமாம். சாமான் வரப் பதினஞ்சு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் யாரும் கூலரைத் தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு."

கதிரவனுக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. எரியாத மோட்டாரை எரிந்ததாகச் சொல்லும் இந்த மிஸ்திரி எப்பேர்ப்பட்ட அயோக்கியன்! அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார்.

மே பிறந்தது. வெயில் நாற்பத்துமூன்றைத் தொட்டது. உஷாராணி படுக்கை விரிப்பு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பால்கனியில் கூலர் பக்கமாகத் தொங்கவிட்டாள். "காத்து கொஞ்சம் ஜில்லுன்னு வரும்ல."

புறா உள்ளே போகிற வழியை அது அடைத்துவிட்டது. எதிர் மரத்தில் உட்கார்ந்து புறா குமுறியது. உஷாராணி சமையலறைக்குள் போனதும் கதிரவன் விரிப்பை உருவிக் கீழே போட்டார். அது கீழ்வீட்டு ராமமூர்த்தி தலையில் போய் விழுந்தது. நேரு காலத்திலிருந்து டில்லியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அவர், ஈர விரிப்போடு படியேறி வந்தார்.

"என்ன கதிரவன் இது? செய்தித்தாள் படிச்சிட்டிருந்தேன். முழுசா நனைஞ்சு போச்சு."

"காத்துல பறந்திருக்கும் சார்" என்றார் கதிரவன்.

"எங்கய்யா காத்து? ஒரு இலை ஆடலை."

உஷாராணி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சில சமயம் அப்படித்தான் சார், மேல மட்டும் அடிக்கும்" என்று சொல்லி விரிப்பை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அதைத் தொங்கவிடவே இல்லை. தப்பித்தோம் என்று கதிரவன் பெருமூச்சு விட்டார்.

பாடம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. விடிகாலை ஐந்தரைக்கு, நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லி, பால்கனியிலேயே பத்து நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் எடுப்பார். பிறகு காமிராவை அலமாரி மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். பாட்டரி ஏன் இரண்டு நாளைக்கு ஒருதரம் தீர்ந்துபோகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. எடுத்த படங்களைத் திருப்பிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒருமுறை அப்படிப் பார்க்கப்போய், ஏதோ ஒரு பட்டனை அமுக்கி, லோதி தோட்டம் மொத்தத்தையும் அழித்துவிட்டார். அன்றிலிருந்து, படம் எடுக்கிற பட்டனைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

பத்தாம் நாள் இடி இறங்கியது.

"தம்பி வர்றான்" என்றாள் உஷாராணி. "ஆபீஸ் வேலையா மூணு நாள். நம்மகூடத்தான் தங்குறான்."

இளஞ்செழியன் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். எங்கே போனாலும் ஒரு டூல்ஸ் பெட்டியோடு போகிறவன். வந்து பெட்டியை வைத்ததுமே கேட்டான், "என்ன மச்சான், இந்த வெயில்ல கூலர் ஓடலையா?"

"மோட்டார் போயிருச்சு மாப்ள."

"நான் எதுக்கு இருக்கேன்? கழட்டிப் பாத்துருவோம்."

"வேணாம் மாப்ள, ஷாக் அடிக்கும்."

"மச்சான், நான் டர்பைனையே கழட்டி மாட்டினவன்."

ஸ்க்ரூ டிரைவரோடு அவன் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டான். கதிரவன் பாய்ந்து குறுக்கே நின்றார். "உள்ள போகாத! குளவிக் கூடு கட்டியிருக்கு! கொட்டினா ஆஸ்பத்திரிதான்!"

"குளவியா?" இளஞ்செழியன் முகம் மலர்ந்தது. "அது ரொம்ப ஈசி. அக்கா, பழைய துணியும் மண்ணெண்ணெயும் கொடு. பந்தம் கட்டிப் புகை போட்டா அஞ்சே நிமிஷம்."

தன் வாயாலேயே புறாவுக்குக் கொள்ளி தேடிக் கொடுத்துவிட்டதை உணர்ந்து கதிரவன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தபோது, உஷாராணி கைப்பையோடு வந்து நின்றாள்.

"கூலரு எங்கயும் ஓடிப் போகாது. செழியா, ஜல்தி கிளம்பு. சரோஜினி நகர்ல சேலை எடுக்கணும்."

"அக்கா, அஞ்சு நிமிஷம்..."

"ஒரு நிமிஷமும் கிடையாது. உனக்கு ஆபீஸ் ரெண்டு மணிக்குத்தானே?"

அதோடு விடவில்லை. மறுநாள் குதுப்மினார், அதற்கடுத்த நாள் சனிக்கிழமை, விடியற்காலை பஸ்ஸில் தாஜ்மகால். கிடைக்கிற நேரமெல்லாம் தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு அலைந்தாள். வீட்டுக்கு வந்தால் அவன் கட்டையாகச் சாய்ந்தான். ரயில் ஏறும்வரை அந்த டூல்ஸ் பெட்டி மறுபடி திறக்கப்படவே இல்லை.

"அக்காவுக்கு என்னாச்சு மச்சான்?" என்றான் பாவமாக. "பத்து வருஷமா டில்லிக்கு வர்றேன், ஒரு நாள் ஊர் சுத்திக் காட்டினதில்லை."

"பாசம்டா மாப்ள" என்றார் கதிரவன், கண் கலங்க.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து எட்டிப் பார்த்தபோது, தாயின் வயிற்றுக்கடியில் மஞ்சள் பஞ்சு மாதிரி ஏதோ அசைந்தது. இத்தனை நாள் வீட்டுப்பாடமாகத் தெரிந்தது, இப்போது அவருடைய வீட்டில் பிறந்த குழந்தையாகத் தெரிந்தது. மறுநாள் காலை எடுத்த நாலு படமும் ஆடிப்போயிருப்பது, எடுத்ததும் காமிராத் திரையில் ஒரு நொடி வந்து மறைந்தபோதே தெரிந்தது. மேகம் மாதிரி ஏதோ ஒன்று, நடுவில் ஒரு மூக்கு. போகட்டும் என்று மெமரி கார்டைக் கொண்டுபோய் மாதங்கியிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக நழுவிவிடலாம் என்று பார்த்தால், உஷாராணி புதுச் சேலையில் தயாராக நின்றாள்.

"குடும்பத்தோட வரணும்னு தாள்ல போட்டிருக்கே. ஏங்க, நான் வரக்கூடாதா?"

கூடத்தில் விளக்கை அணைத்தார்கள். யாருடையவோ செம்பருத்தி, யாருடையவோ அணில். கதிரவன் பெயரைச் சொன்னதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூலர் திரையில் தெரியும். உஷாராணிக்கு எல்லாம் தெரியும். பதினைந்து நாள் வேர்வைக்கும் இன்றைக்குக் கணக்குத் தீர்ப்பாள்.

"அடடா!" என்று கூடமே சொன்னது.

கண்ணைத் திறந்தார். திரை முழுக்க அவருடைய புறா. புல் தட்டி இடுக்கு வழியாகச் சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் அதன் கழுத்து செம்பாக மின்னியது. அலகில் உடைந்த முட்டையின் ஓடு. அதன் கீழே, ஈரம் காயாத ஒரு குஞ்சு தலையைத் தூக்கி உலகத்தைப் பார்த்தது. ஒவ்வொரு தூவியும் எண்ணிவிடலாம்போல் அவ்வளவு தெளிவு. கைத்தட்டல் அடங்கவில்லை.

கதிரவன் மனைவி பக்கம் குனிந்தார். "உஷா, அது நம்ம கூலரு. மோட்டார் எரியல. நான்தான் ஒயரைப் புடுங்கினேன். நீ விரட்டிருவியோன்னு பயந்துட்டேன்."

"அப்படியா?" என்றாள் உஷாராணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாதங்கி கை குலுக்கினாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கதிரவன் பார்த்தார். நன்றி சொல்லி இறங்கிவிடலாம். மனசு கேட்கவில்லை.

"மேடம், எங்கயோ தப்பு நடந்திருக்கு" என்றார் மெதுவாக. "புறா என்னோடதுதான். ஆனா இப்படி ஒரு படம் நான் எடுக்கவே இல்லை."

மாதங்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, உங்களுக்கு இன்னுமா தெரியாது சார்? 'மிஸ்திரியை நான் சரிக்கட்டிட்டேன், தம்பியையும் கிளப்பி விட்டுட்டேன், அவரு ரகசியம்னு நினைச்சு சந்தோஷமா இருக்காரு, அதைக் கெடுத்துறாதீங்க, சரி, இன்னிக்கு எந்தப் பட்டனை அமுக்கணும்'னு உங்க வீட்டம்மா தினம் மத்தியானம் எனக்கு போன் பண்ணி, கேட்டுக் கேட்டு எடுத்த படம் சார் இது!"