மூன்று குழலுக்கு ஒரு பொன்னாடை

மேடையில் ஒருவர் எதையாவது செய்து முடித்தால் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தே ஆகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆடிய பிள்ளைக்குப் பொன்னாடை, ஆட்டுவித்த ஆசிரியைக்குப் பொன்னாடை, மைக் பூட்டியவருக்குப் பொன்னாடை. மைக் வேலை செய்யாவிட்டாலும் பொன்னாடை.

பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்பவன் என்பதால் இந்த நம்பிக்கையை நான் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. பொன்னாடை வாங்க வருகிறவர்கள், போர்த்துவதற்கு ஆள் அகப்படாவிட்டால், "அண்ணை, நீங்களே ஒருக்கா வாங்கோவன்" என்று என்னையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் பழகிய கை இது. பின்பக்கமாக வந்து, ஆள் திடுக்கிடாமல், தலைப்பூ கலையாமல், ஒரே வீச்சில் போர்த்துவேன். (உலகத் தரம் என்று நானே சொல்லிக்கொள்வதுண்டு. வேறு யாரும் சொல்லவில்லை.)

அந்தக் கைதான் என்னை ஸ்கொட்லாந்தில் காட்டிக்கொடுத்தது.

மகள் மதுராவை, நாங்கள் குடியிருக்கும் லெ பிளாங்-மெனில் என்ற புறநகரின் இசைப்பள்ளியில் வயலின் பழகத்தான் சேர்த்தோம். பக்கத்து அறையில், பிரான்சின் மேற்குக் கரையில் பிரெத்தாஞ் பக்கத்திலிருந்து வந்த யான் என்ற ஆசிரியர் ஸ்கொட்லாந்துப் பைக்குழல் ஊதிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை வயலின் வீட்டில் இருந்தது, பிள்ளை பக்கத்து அறையில் இருந்தாள்.

பைக்குழல் என்றால், கக்கத்தில் ஒரு காற்றுப் பை, வாயில் ஒரு ஊதுகுழல், விரல்களுக்கு ஒரு குழல், இடது தோளில் நிமிர்ந்து நிற்கும் மூன்று நெடுங்குழல்கள். அந்த மூன்றும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

"நாதசுரத்துக்கு ஒத்து ஊதுற ஆள் இருப்பாரெல்லே? அப்பிடி மூண்டு பேரைத் தோளிலை ஏத்தி வைச்ச மாதிரி" என்று என் மனைவி வசந்திக்கு விளக்கினேன்.

"அப்ப நாதசுரத்தையே பழகலாமே?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. மகள் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: இதுதான் வடிவாக இருக்கிறதாம், வேறு காரணம் இல்லையாம்.

வீட்டில் ஊத முடியாது. மேல்மாடி மதாம் முதல் நாளே இறங்கி வந்து, மாடு ஏதும் வளர்க்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அதனால் கட்டடத்தின் நிலவறையில், எங்கள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, குளிர்காலங்களில் கம்பளித் தொப்பியோடு, வருடக்கணக்காக ஊதினாள். அரிசி எடுக்கப் போன நான் படியிலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் சோறு பிந்திய நாட்கள் பல.

பதினாறு வயதில் அவளுக்குக் கிளாஸ்கோவில் ஒரு போட்டி வந்தது. ஸ்கொட்லாந்துப் பாரம்பரிய இசையில் இளையோருக்கானது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அங்கேயே கோடைகாலப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதை நினைத்து அவள் சாப்பாட்டு மேசையிலும் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கடுமையான விதி: பாட்டைத் தொடங்கிவிட்டால் நிற்கக்கூடாது. நின்றால் போட்டியிலிருந்து வெளியே. யான் அதை எங்களிடமும் சொல்லிவைத்தார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். (ஊதப்போவது நானில்லையே.)

போட்டிக்குக் கட்டம் போட்ட ஸ்கொட்லாந்துப் பாவாடை ஒன்று வாடகைக்கு வந்தது. வசந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொசுவம் நல்லாத்தான் பிடிச்சிருக்கினம். ஆனா எல்லாத்தையும் பின்னாலையெல்லே வைச்சிருக்கினம்!"

அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம் உண்டு என்று யான் விளக்கினார்.

"அப்ப பிள்ளை போட்டிருக்கிறது எந்தக் குலம்?" என்று வசந்தி கேட்டாள்.

"வாடகைக் குலம்" என்றேன் நான்.

கார் து நோர் நிலையத்தில் நாங்கள் ரயில் ஏறியபோது என் பெட்டியின் அடியில், மதுராவுக்குத் தெரியாமல், கடையிலேயே ஆகப் பெரிய பொன்னாடை இருந்தது. சிவப்புப் பட்டு, நாலு விரல் அகலச் சரிகை.

போட்டி மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மேடைக்கு முன்னால் மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு. யான் தன் மற்ற மாணவர்களோடு மேடைக்குப் பின்னால் நின்றார். எங்களுக்கு எதையும் விளக்க ஆளில்லை. எனக்கு விளக்கம் தேவை என்று எனக்குத் தெரியவும் இல்லை.

மதுரா மேடைக்கு வந்தாள். நடுவர்களுக்குத் தலையசைத்தாள். பையை நிரப்பி, மெல்ல நடந்துகொண்டே ஊதினாள். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே. இடையிடையே கையை உயர்த்தித் தோள் குழல்களைத் திருகினாள். ஆலாபனை மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன். பிறகு நிறுத்தினாள்.

அமைதி. ஒருவரும் கைதட்டவில்லை. (என்ன சனமப்பா இது!)

"இஞ்சருங்கோ, முடிஞ்சுது. போங்கோ, போய்ப் போர்த்துங்கோ" என்றாள் வசந்தி. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.

பக்கப் படியால் ஏறினேன். பொன்னாடையை விரித்தேன். அந்தக் கணத்தில் மதுரா பாட்டைத் தொடங்கினாள்.

அதுவரை அவள் செய்தது சுருதி சேர்த்தல் மட்டுமே.

எந்தப் புத்தியுள்ள மனிதனும் இறங்கிப் போயிருப்பான். ஆனால் விரித்த பொன்னாடையை மடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிய வரலாறு எங்களிடம் இல்லை. பைக்குழல்காரர்கள் ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டார்கள், நடப்பார்கள். அவள் முன்னே நடக்க, நான் இரண்டு கையிலும் பட்டை விரித்துப் பிடித்தபடி, கோழி அமுக்குகிறவன் மாதிரிப் பின்னாலே போனேன். திருப்பத்தில் தருணம் பார்த்து, உலகத் தரத்தில் ஒரு வீச்சு.

தோளில் விழவில்லை. மூன்று குழல்களின் மேல் விழுந்து கூடாரம் போட்டது.

சத்தம் சளி பிடித்ததுபோல் அமுங்கியது. இழுத்தேன். சரிகைக் குஞ்சம் குழல்களைக் கட்டியிருந்த கயிற்றில் மாட்டிக்கொண்டது. இன்னும் இழுத்தால் குழல்கள் தோளிலிருந்து சரியும், பாட்டு நிற்கும். விட்டால் சத்தம் வராது. மதுரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயில் குழல் இருந்தது என் முற்பிறப்புப் புண்ணியம். கண்ணால் மட்டும் மேலே காட்டினாள்: தூக்கிப் பிடியுங்கள்.

பிடித்தேன். தேர்த் திருவிழாவில் சாமிக்கு மேலாப்புப் பிடிக்கிற மாதிரி, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, குழல்களுக்கு மேலே பட்டைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தேன். அவள் திரும்பினால் நானும் திரும்பினேன். ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தரம் வாசிப்பார்கள் என்பதைத் தோள் மூட்டால் அறிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நிலவறைப் படியில் இருந்து அத்தனை காலம் கேட்டவன், அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்துக்கு உள்ளேயே நின்று கேட்டேன். ஒரு சுரம் பிசகவில்லை. தகப்பன் இப்படி மானத்தை வாங்கிக்கொண்டிருக்க, பிள்ளையின் விரல் ஒன்றுகூட நடுங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து கைதட்டியது. நான் கும்பிட்டேன். (எனக்கில்லை என்று வசந்தி பிறகு சொன்னாள்.)

வெளியே வந்ததும் மதுராவின் வாய் திறந்தது. "அப்பா! அது பாட்டே இல்லை! நான் சுருதியெல்லே சேர்த்துக்கொண்டு நிண்டனான்!"

"சுருதி சேர்க்கேக்கையே அப்பா அழுதிட்டன், பிள்ளை."

"மூண்டுக்குள்ளை வராட்டி நானும் அழுவன். பிறகு உங்களோடை கதைக்கவும் மாட்டன்!"

உள்ளே நடுவர்கள் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஊதுகிறவர் நிற்கக்கூடாது என்று இருந்ததே தவிர, தகப்பன் ஏறக்கூடாது என்று எங்கும் இல்லை. (அடுத்த வருடம் சேர்த்துவிட்டார்களாம்.) கடைசியில் தலைமை நடுவரான வெள்ளைத் தலை அம்மா எழும்பி அறிவித்ததை யான் எங்கள் காதில் பிரெஞ்சில் சொன்னார்: "மூன்றாம் இடம், பாரிசிலிருந்து வந்த மதுரா. கூரை பிடித்த கனவானுக்குப் பரிசு இல்லை. ஆனாலும் அடி பிசகாமல் நடந்தார்."

மதுரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைக் கிள்ளினாள். இரண்டும் எனக்குச் சேரவேண்டியவைதான்.

கதை எங்களுக்கு முன்னமே லா சப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் "மேலாப்பு அண்ணை நிக்கிறாரோ?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் நான் எதற்காவது அவசரப்பட்டு எழும்பினால், "இருங்கோ, இன்னும் சுருதிதான் சேர்க்கினம்" என்கிறாள் வசந்தி.

அந்தப் பொன்னாடையை மதுரா திருப்பித் தரவில்லை. வெட்டித் தைத்து, தன் குழலின் காற்றுப் பைக்கு உறையாகப் போட்டுவிட்டாள். இப்போது அவள் பெரியவர்களின் போட்டிகளில் ஊதுகிறாள், பரிசும் எடுக்கிறாள். சிவப்புப் பட்டையும் சரிகையையும் கண்டு, இது எந்தக் குலத்துத் துணி என்று புதிய நடுவர் யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்கடை குலம். தலைவர் அந்தா, முன் வரிசையிலை இருக்கிறார். தயவுசெய்து அவரை மட்டும் எழும்ப விடாதேங்கோ."