பதினோரு வாத்துகளும் ஒரு மாப்பிள்ளையும்

என்னை நம்பி வேலை கொடுப்பவர்கள் இரண்டே வகை: என்னைத் தெரியாதவர்கள், வேறு ஆள் கிடைக்காதவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பா இரண்டாவது வகையில் இருந்தார்.

எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே மண்டோர். ஐம்பது பேரை வேலை வாங்குபவர், என்னிடம் மட்டும் தோற்றவர். அன்று என் சரசு அக்காவைப் பெண் பார்க்க உலு யாமிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளைக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. திருவிழாவில் அக்காவைப் பார்த்துவிட்டு, தானே தன் அம்மாவிடம் சொல்லிப் பெண் கேட்க வைத்தவர். அக்காவுக்கும் பிடித்திருந்தது. (மூன்று நாளாக அவள் என்னைத் திட்டவே இல்லை, அதில் தெரிந்துகொண்டேன்.)

நாங்கள் குடியிருந்த லயத்தில் போன் கிடையாது. செம்பனைக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் சாலை பிரியும் சிம்பாங்கில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

“வெள்ளை காடி வரும். கையக் காட்டி நிறுத்து. ஏறி உக்காந்து இடது பக்கம் கூட்டியா. நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முன்ன வீட்டுக்குள்ள கால வெச்சிரணும். எங்க, திருப்பிச் சொல்லு?” என்றார் அப்பா.

ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். பதினேழு வயதில் எதைக் கேட்டாலும் ஒப்பிப்பேன், செய்வதில்தான் தகராறு.

மூன்று மணியிலிருந்து முழுதாக இருபது நிமிடம் நின்றேன். (என் வரலாற்றில் அது சாதனை.) அப்போதுதான் செகிஞ்சான் பக்கமிருந்து ஒரு லோரி வந்து திரும்பியது. கூண்டு சரிந்தது. சாலை முழுக்க வாத்து! பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால்வாயில் குதித்தேன்.

நடுவில் யாரோ காடியை நிறுத்தி, “தங்கச்சி, மண்டோர் முனியாண்டி வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். என் கையில் இரண்டு வாத்து, கண் மூன்றாவதன் மேல். கேள்வி காதில் விழுந்தது, மண்டைக்குள் இறங்கவில்லை. “நேரா போங்கண்ணே” என்றேன்.

நேராகப் போனால் வருவது ஆற்றங்கரை. அந்தக் காடி வெள்ளை. அவர்கள் கேட்ட பெயர் என்னைப் பெற்ற அப்பாவின் பெயர்.

பதினோரு வாத்து பிடித்தேன். லோரிக்காரச் சீனர், “நா, ஆம்பில் சத்து லா” என்று ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார். அதை அணைத்துக்கொண்டு, சேறும் பெருமையுமாக வீட்டுக்கு வந்தேன். “அம்மா, வாத்து!”

வாசலில் நின்ற அப்பா, “காடி எங்க?” என்றார். அந்த நொடிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஐந்து மணிக்குச் சக்கரமெல்லாம் சேறாக அந்தக் காடி வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கவில்லை. கண்ணாடி வழியாக என்னையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தப் பிள்ளதானே எங்கள ஆத்துப் பக்கம் அனுப்புச்சு? இந்த வீட்டுப் பிள்ளயா?”

அப்பா தலையாட்டினார்.

“ராகு காலத்துல நான் எறங்க மாட்டேன். இன்னொரு நாளைக்குப் பாப்போம்.”

அப்பா கைகூப்பிக் கேட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை ஒருமுறை அக்கா நின்ற ஜன்னல் பக்கம் பார்த்தார். காடி திரும்பியது. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலாம். அம்மா கோயிலில் கயிறு மந்திரித்து என் கையில் கட்டினார், அதையும் ஒரே வாரத்தில் தொலைத்தேன். அக்கா நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணமாகிப் போனாள். மாமா தங்கமான மனுஷர். ஆனாலும் அந்த நாலு வருஷத்தை நான்தான் தின்றேன். வீட்டில் யாரைக் கடைக்கு அனுப்பினாலும், “வாத்து வரும், பாத்துப் போ லா!” என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் சிரித்ததே இல்லை.

பல வருஷம் கழித்து எனக்கு ஒரு மகள். ஒன்பது வயதில் அவளும் புத்தகப்பையைப் பள்ளியிலும் காலணியைப் பஸ்ஸிலும் விட்டு வந்தாள். “சோம்பேறி” என்றார்கள். நானும் சொன்னேன். எந்தச் சொல் எங்கே வலிக்கும் என்று தெரிந்த நானே சொன்னேன், அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

டாக்டரிடம் போனபோது அக்காவும் வந்தாள். (அவள் இல்லாவிட்டால் நான் தேதியை மறந்திருப்பேன்.) டாக்டர் அதை ஏடிஎச்டி என்றார். “இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. கவனத்தைப் பிடித்து வைப்பது இவர்களுக்குப் பிறவியிலேயே கஷ்டம். எது இழுக்கிறதோ அதன் பின்னால் போய்விடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ வேணும்னே செஞ்சேன்னு நெனச்சேன்டி. நான் நல்லா இருக்கிறது ஒனக்குப் பிடிக்கலன்னு.”

“நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். நான் கெட்டவ போலன்னு.”

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கிழடுதட்டிய பெண்கள் கட்டிப்பிடித்து அழுதோம். என் மகள் அதற்குள் எங்கோ பூனையைப் பார்க்கப் போயிருந்தாள்.

மறுவாரம் பள்ளிக்கும் அக்காதான் வந்தாள். “டீச்சர், இவளுக்கு வேல குடுத்தா பக்கத்துல ஒரு ஆள நிக்க வைங்க. எங்க வீட்டுல ஒருத்தியத் தனியா நிக்க வெச்சிட்டு, பாவம், அவளையே திட்டினோம்” என்றாள். டீச்சருக்குப் புரியவில்லை. அக்கா உட்கார்ந்து வாத்துக் கதையைச் சொன்னாள், முதல் தடவையாக, சிரித்துக்கொண்டே. பதினோரு வாத்தை இருபதாக்கிவிட்டாள். நான் திருத்தவில்லை.