இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை

நான் கருத்துச் சொன்ன படங்கள் ஏராளம். முழுதாகப் பார்த்த படங்கள் பத்து தேறினால் அதிகம். இத்தனை வருடம் கழித்தாவது இதை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படியும் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோன விஷயம்தான்.

போன வாரம்கூட வீட்டில் மூன்று படம் போட்டேன். முதலாவது பேய்ப் படம். பேய் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது, அந்த வீட்டுக்காரர்கள்தான் சரியில்லை. இரண்டாவது போலீஸ் படம். கதாநாயகன் ஒருத்தனைத் துரத்திக்கொண்டு ஓடினார். நான் கண் அசந்து, எழுந்து, முகம் கழுவி, தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து பார்த்தால் அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். முன்னால் ஓடியவன் மட்டும் வேறு ஆள் மாதிரி தெரிந்தது. மூன்றாவது காதல் படம். பாட்டு நன்றாக இருந்தது, அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

இதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை (அம்மா அப்படித்தான் சொல்வார்). எனக்குக் கூலிமில் கிலாங் வேலை, அதாவது தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே மெஷின் பார்த்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தால், எப்பேர்ப்பட்ட படமும் முக்கால் மணி நேரத்தில் தாலாட்டாகிவிடும். ஆனால் எங்கள் ஊர் செமிலிங்கிலிருந்து கூலிம் போகிற கம்பெனி பஸ்ஸில் இதைச் சொல்ல முடியுமா? "ராஜி, புதுசா என்ன படம் பார்த்த?" என்று முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை கேட்பார்கள். பாதியில் தூங்கிவிட்டேன் என்றால் அன்றோடு மரியாதை போச்சு. அதனால் மீதிப் பாதியை நானே மனசுக்குள் எடுத்துவிடுவேன். கெட்டவர் திருந்துவார், பிரிந்தவர்கள் சேருவார்கள், கடைசியில் எல்லாரும் கோயிலில் நிற்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பாராட்டுகூட வந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் என் அக்கா மாலாவைப் பெண் பார்க்க ஜித்ராவிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் சரவணன். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் லைன் போட்டுக்கொடுக்கும் வேலை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அக்காவைப் பார்த்து, நாலு மாதம் போனில் பேசி, பெற்றவர்களிடம் சொல்லி, முறைப்படி கேட்டு வருகிறார்கள். அக்காவுக்கும் அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே அழுதாள்.

அக்கா பீடோங்கில் தடிகா ஆசிரியை. அந்தப் பாலர் பள்ளியில் இருபத்தைந்து வாண்டுகள் அவள் ஒரு புருவத்தைத் தூக்கினால் வரிசையில் நிற்கும். பெரியவர்கள் முன்னால்தான் அவளுக்கு வாய் வராது. "வேலைய விடச் சொன்னா நான் என்ன செய்வேன் ராஜி? அந்தப் பிள்ளைங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது," என்றாள். கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். முதல் நாளே கேட்டால் திமிர் பிடித்த பெண் என்று நினைப்பார்களாம். சரவணனிடமும் கேட்கவில்லையாம், அவர் அம்மா என்ன சொல்வார்களோ என்று அவரே ஒரு நாள் இழுத்தாராம். அக்காவுக்கு அவரும் வேண்டும், வேலையும் வேண்டும். அதை வாய் திறந்து சொல்லத் தைரியம் வேண்டும், அது மட்டும் வீட்டில் ஸ்டாக் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். சரவணன், அவர் அப்பா, அவர் அம்மா. ஆண்ட்டி நல்ல உயரம், மூக்குக் கண்ணாடி, அதிகம் சிரிக்காத முகம். வரவேண்டிய முக்கியமான ஆள் மட்டும் வரவில்லை. அவர் சரவணனின் தாய்மாமன், பெருமாள் மாமா. தனிக் காடியில் வந்தவர், கார் பழுதாகி குரூண் பக்கத்தில் நின்றுவிட்டார். போனில் பேசிய ஆண்ட்டி, "காடி ரோசாக்காம். ஆள் வந்து பாத்துக்கிட்டு இருக்காங்களாம்," என்றார்.

தாய்மாமன் வராமல் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம், அவர்கள் வீட்டிலும் அதுதான். ஆக, கல்யாணம் பேச வந்தவர்கள் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். மழையைப் பேசினோம். ஹைவேயைப் பேசினோம். டுரியான் இந்த முறை எப்படி என்று பேசினோம். திரும்பவும் மழைக்கு வந்தோம். அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா வடைத் தட்டோடு வந்தபோது ஆண்ட்டி அவளை நிமிர்ந்து பார்த்து, "எங்க வீட்டு மருமக வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்லம்மா," என்றார். உடனே அங்கிள் தொண்டையைச் செருமி, மச்சான் வரட்டும் என்று அடக்கிவிட்டார்.

 அக்கா முகம் சுருங்கிப்போனதை வேறு யாராவது பார்ப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒரு படம் போடவா ஆண்ட்டி?" என்றேன்.

ஆண்ட்டி யோசித்தார். எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற படமா என்று கேட்டார். இரண்டு முறை பார்த்துவிட்டேன், மாமியார் மருமகள் பாசம், கடைசியில் கண் கலங்கிவிடும் என்றேன். (இரண்டு முறை போட்டது உண்மை. இரண்டு முறையும் ஒரே இடத்தில் தூங்கியதும் உண்மை.) பஸ்ஸில் அந்தப் படத்துக்கு நான் சொன்ன முடிவில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது நினைவாகிப்போயிருந்தது.

முதல் பாதி பிரமாதமாகப் போனது. பெரிய குடும்பம், திருவிழா, சமையலில் குளறுபடி. அங்கிள் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பா நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டார். ஆண்ட்டி முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. நான் சாதித்துவிட்ட பெருமையில் கேசரி எடுத்து வாயில் போட்டேன். அப்போது திரையில் மாமியார் ஒரு கதவை மூடினார். இந்தக் கதவுக்கு அப்புறம் நான் எதையுமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவை மூடிய மாமியார் திரும்பினார். "எங்க வீட்டு மருமக வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்ல," என்றார்.

அதே வார்த்தை, அதே ராகம்.  அந்த அம்மாள் மருமகளுக்கு வந்த வேலைக் கடிதத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்.  அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. ஆண்ட்டி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நன்றாக உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் இருந்த இன்டர்நெட் பெட்டியின் சுவிட்சை அமுக்கினேன். படம் நின்றது. லைன் ரோசாக், எங்கள் தாமான் வீடுகளில் மழை வந்தால் இப்படித்தான் என்று வருத்தமாகச் சொன்னேன். அங்கிளுக்கு உண்மையிலேயே வருத்தம். "நல்ல இடத்துல நின்னுடுச்சே," என்றார்.

"நான் பார்க்கிறேன்," என்று சரவணன் எழுந்தார்.

உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, இன்டர்நெட் லைன் போடுகிறவரிடம் லைன் சரியில்லை என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கெஞ்சுகிற மாதிரி கண்ணைக் காட்டினேன். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, சுவிட்சைப் போட்டுவிட்டு, "இப்ப சரியாயிடுச்சு," என்று போய் உட்கார்ந்தார். (பிற்பாடு கேட்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று நினைத்தாராம்.)

அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பேச்சு. மருமகள் அரிசிப் பானையில் கடிதத்தைக் கண்டுபிடித்து, மாமியார் முன்னால் நின்று, மூச்சு விடாமல் பேசினாள். நான் மனசுக்குள் விநாயகரிலிருந்து ஆரம்பித்து எல்லாரையும் கூப்பிட்டு முடித்தும் அவள் முடிக்கவில்லை. மாமியார் திருந்துவார், இதோ திருந்துவார் என்று காத்திருந்தேன். திருந்தவில்லை. பொங்கலும் வைக்கவில்லை. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள், படம் முடிந்தது.

 அக்காவின் கல்யாணத்தை நான் ஒரு ரிமோட்டால் கெடுத்து வைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்து, படம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் கொஞ்சம் நீளம் என்றார். அப்பா அவசரமாகத் தலையாட்டி, முதல் பாதி போதும் என்றார்.

ஆண்ட்டி அவர்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. நேராக அக்காவைப் பார்த்து, "மாலா, நீ சொல்லும்மா. அந்தப் பொண்ணு பேசினது சரியா?" என்றார்.

சமையலறை வாசலில் நின்ற அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். சரி என்று சொன்னாலும் வம்பு, தப்பு என்று சொன்னாலும் வம்பு. சும்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விடேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"சரிதான் ஆண்ட்டி," என்றாள் அக்கா.  "ஆனா ரொம்ப லேட்டா பேசிருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தா ரெண்டு பேருக்குமே இவ்ளோ கஷ்டம் இல்ல."

"அப்ப நீ இப்பவே கேளு."

அக்கா ஒரு நொடி சரவணனைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். அவள் ஒரு பெரியவர் முன்னால் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு வேலைக்குப் போகணும் ஆண்ட்டி. நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

ஆண்ட்டி வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "என்னைய கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளே ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்ட அனுப்பிட்டாங்க," என்றார். "போறியான்னு ஒருத்தரும் கேக்கல. வர்ற மருமகளையாச்சும் யாரும் வெரட்டக் கூடாதுன்னுதான் அவசியமில்லன்னு சொன்னேன். போக வேணாம்னு சொல்லலியே. ஜித்ராவுல தடிகா இல்லியா என்ன? தாராளமா போ."

அக்கா அழுதுவிட்டாள். சரவணன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் இன்டர்நெட் பெட்டியைப் போய்ப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவைக் கட்டிப்பிடித்ததில் என் கையில் ஒட்டியிருந்த கேசரி முழுக்க அவள் புதுச் சேலையில்.

ஆண்ட்டி அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் பெருமாள் மாமா நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் மழை. அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார், சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"நான் வராம யாரு கல்யாணம் பேசினது?" என்றார். குரலில் அனல் அடித்தது.

அப்பா மறுபடி நாற்காலியின் கைப்பிடியைத் தடவ ஆரம்பித்தார்.  ஆண்ட்டிதான் அலட்டிக்கொள்ளாமல், "யாரும் கல்யாணம் பேசலண்ணே. படத்தப் பத்தித்தான் பேசினோம்," என்றார்.

மாமா அதை நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் வழியில்லை. கிரீஸ் கையோடு சோபா நடுவில் உட்கார்ந்து, "அப்ப எனக்கும் அந்தப் படத்தப் போடுங்க. பார்த்துட்டு நானும் பேசுறேன்," என்றார். அவ்வளவுதான், சோற்றுத் தட்டோடு மொத்தக் குடும்பமும் முதலிலிருந்து திரும்பப் பார்த்தது. முந்தின இரவு ஷிப்ட் பார்த்தவள் நான், எந்த இடத்தில் தூங்கியிருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடலாம். எழுப்பியபோது நாள் குறித்து முடித்திருந்தார்கள். மாமாவுக்குப் படத்து மருமகளின் அந்தப் பேச்சு அவ்வளவு பிடித்துப்போய், அதை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாராம்.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் பெரியவர்களைக் கேட்காமல் யாராவது எதையாவது முடிவு செய்துவிட்டால், "படத்தப் பத்தித்தான் பேசினோம்," என்பார்கள். மாமாவே அப்படிச் சொல்லித்தான் புதுக் காடி வாங்கியதை அத்தையிடம் ஒப்புக்கொண்டார். அக்கா ஜித்ராவில் ஒரு தடிகாவில் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியவர்களிடம் வாய் திறப்பது மட்டும் இன்னமும் அவளுக்குக் கஷ்டம்தான்.

போன மாதம் ஆண்ட்டி எனக்குப் போன் செய்தார். "ராஜி, ஒரு படம் சொல்லும்மா. ஒங்க அக்கா ரெண்டு நாளா மனசுல எதையோ வச்சிக்கிட்டு பாத்திரத்த டமார் டமார்னு வைக்கிறா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா."

என்ன மாதிரிப் படம் வேண்டும் ஆண்ட்டி, பேய்ப் படமா, குடும்பப் படமா என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் சரி லா," என்றார். "நீ முழுசா பார்க்காததா சொல்லு."