உடையாத மதகு

கல்லாறு என்றொரு நாடு. அங்கே எது நடந்தாலும் கல்லில் வெட்டி, ஒரே வாசகத்தை எல்லா ஊர் நாற்சந்தியிலும் நடுவார்கள். ஒவ்வொரு கல்லும் ‘முந்தைய கல் சொன்னபடி’ என்றுதான் தொடங்கும். பட்டறையில் கிடக்கும்வரை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். நட்டுவிட்டால் கை வைக்கக் கூடாது. தப்பு நேர்ந்திருந்தால், அதைச் சொல்லி இன்னொரு கல் நட வேண்டும்.

அரசருக்கு இது பொறுக்கவில்லை. அவர் கட்டிய மதகு விரிசல் விட்டுப் புன்னைப்பாடிக்குள் தண்ணீர் புகுந்ததை ஒரு கல் ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தது.

அமைச்சர், கல்வெட்டாளர் வாகீசரை அழைத்தார். “அந்தக் கல்லைப் பிடுங்கும், ஓய்!”

“பிடுங்கினா அடுத்த கல்லு எதைப் பிடிச்சு நிக்கும்? ‘முந்தைய கல் சொன்னபடி, மதகைப் பாதிக்கு மேல் திறக்காதே’ன்னு இருக்குங்களே?”

“அதையும் பிடுங்கும். மிச்சத்தைப் புதிதாக வெட்டும். தலைமைக் கல்வெட்டாளர் பட்டமும் பல்லக்கும் உமக்குத்தான்.”

வாகீசரின் மகள் அலர்மேலு வாழ்க்கைப்பட்டிருந்தது புன்னைப்பாடியில்தான். அந்த நினைப்பு அவருக்கு வராமல் இல்லை. பல்லக்கு நினைப்பும் வந்தது. மனுஷன் உளியை எடுத்துவிட்டார்.

சில ஊர்களில் புதுக் கல், சில ஊர்களில் பழைய கல். ஊருக்கு ஊர் ஒரே அடிதடி. எது நிஜம் என்று கேட்டவர்களுக்கு அமைச்சர் கொஞ்சமும் கூசாமல் விளக்கம் தந்தார்: “புதிதாக வெட்டியதுதான் ஆதியிலிருந்தே இருந்தது. பழைய கல் வைத்திருப்பவன் துரோகி.”

அலர்மேலு ஓடி வந்தாள். “அப்பா, எங்க ஊர்க் கல்லையும் பிடுங்க வந்துட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா!”

“இதெல்லாம் அரசாங்க விஷயம்மா. உனக்குப் புரியாது, நீ வீட்டுக்குப் போ.”

அவளும் போனாள். மழை பிடித்தது. மதகுக்காரன் புதுக் கல்லைப் படித்துப் பார்த்தான். தடை ஒன்றும் இல்லை. முழுசாகத் திறந்தான். மதகு பிய்த்துக்கொண்டு போனது. புன்னைப்பாடியும் போனது, அலர்மேலுவும் போனாள்.

வாகீசர் மார்பில் அடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். “ஐயோ, எம் பொண்ணு போயிட்டாளே! வெள்ளம் வந்துச்சுன்னு ஒரு கல்லாவது நடுங்க சாமி!”

“எந்த வெள்ளம்?” என்றார் அமைச்சர். “விரிசலே விடாத மதகு எப்படி ஐயா உடையும்? புன்னைப்பாடி என்று ஓர் ஊர் எந்தக் கல்லில் இருக்கிறது, காட்டும் பார்ப்போம்.”

அந்தப் பெயர் இருந்த கல்லை ஊர் ஊராகப் பிடுங்கியவரே வாகீசர்தானே!

அமைச்சர் உளியை நீட்டினார். “வெட்டும்: ‘முந்தைய கல் சொன்னபடி, தலைமைக் கல்வெட்டாளருக்கு மகளே பிறக்கவில்லை.’”

வாசலில் பல்லக்கு வந்து நின்றது.